அளவுக்கு வைத்த படம்

வேலாயுதம் அண்ணன் இறந்த செய்தி அவருடைய கைப்பேசியிலிருந்தே வந்தது. எங்கள் பத்திரிகையின் பழைய ஊழியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அன்று காலை அதில் அவருடைய எண்ணிலிருந்து அவருடைய படம் வந்து விழுந்தது. கட்டம் போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு. கீழே ‘காலமானார்’ என்று ஒரு சொல், பிறகு இரண்டு மூன்று வரிகள். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகத் தட்டி, “என்ன அண்ணே, இந்த வருஷம் சீக்கிரமே செத்துட்டீங்க?” என்று எழுதி அனுப்பினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “மாலைய எங்க அனுப்பணும் பாஸ்?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நாங்கள் ஏன் சிரித்தோம் என்று தெரியும். மற்றவர்கள் இவளென்ன கல்நெஞ்சக்காரி என்று நினைக்கலாம். நினைத்தால் தப்பில்லை. இருந்தாலும் அந்தப் படத்தின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பத்திரிகை தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் நிருபராகச் சேர்ந்தேன். வேலாயுதம் அண்ணன் பக்கம் ஒட்டும் மேசையில் இருந்தார். கணினி வருவதற்கு முன்னால் செய்தியைத் தாளில் அச்செடுத்து, பத்தி பத்தியாக வெட்டி, பெரிய அட்டையில் பசை தடவி ஒட்டித்தான் ஒரு பக்கத்தை உருவாக்குவோம். அரசியல் பக்கம், சினிமா பக்கம் எல்லாவற்றுக்கும் ஆள் மாறுவார்கள். மரண அறிவிப்புப் பக்கத்தை மட்டும் அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் பத்திரிகையில் அதிகம் பேர் படித்த பக்கமும் அதுதான். தலையங்கம் எழுதியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இறந்தவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் அறிவிப்பைச் சொல்லிவிடுவார்கள். படம் மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் வரும். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் ஒருவர் கொண்டுவருவார், ரவாங்கிலிருந்து பேப்பர் ஏஜெண்டு கொடுத்துவிடுவார். அதுவரை பக்கத்தில் படத்துக்கான இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் அண்ணன் தன்னுடைய பாஸ்போர்ட் படத்தின் நகலை ஒட்டிவைப்பார். இதற்கென்றே சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் தன் முகத்தை நகலெடுத்து மேசை டிராயரில் வைத்திருந்தார். உண்மையான படம் வந்ததும் தன்னை உரித்தெடுத்துவிட்டு இறந்தவரை ஒட்டுவார். “அளவுக்கு வெச்சிருக்கேன்” என்பார்.

சேர்ந்த புதிதில் எனக்கு அது பொறுக்கவில்லை. “சாவுப் பக்கத்துல போய் உங்க படத்த வெக்கிறீங்களே அண்ணே, சும்மா காலியா விட்டா என்ன?” என்று கேட்டேன்.

“வெறும் கட்டம் அச்சுக்குப் போயிருச்சுன்னா அசிங்கம். இன்னொருத்தன் படம் போயிருச்சுன்னா பாவம். என் படம் போனா, வேலாயுதம் தொலைஞ்சான்னு போயிரும். அவ்வளவுதானே லா?” என்று எங்கள் ஊர் ‘லா’வை இழுத்துச் சொன்னார். அவர் அப்படிப்பட்டவர் என்பதால் சாது என்று எண்ணிவிட வேண்டாம். கோபம் மூக்கின் மேல் நிற்கும். தலைமை ஆசிரியரின் கவிதையை இடமில்லை என்று பாதியில் வெட்டியிருக்கிறார். தன் அழகில் அவருக்கு இருந்த நம்பிக்கை வேறு கொஞ்சநஞ்சமல்ல. “இந்த மூஞ்சியப் பார்த்துட்டு எவனும் மறக்க முடியாது. அதனால மாத்தணும்னு தானா ஞாபகம் வரும்” என்பார்.

அங்கேதான் கணக்கு தப்பியது. அந்த முகத்தைத் தினமும் அந்தப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் கண் பழகிவிட்டது. ஒருநாள் ரவாங்கைச் சேர்ந்த முனுசாமி என்ற லாரி ஓட்டுநரின் மரண அறிவிப்பு அண்ணனின் முகத்தோடு நாடு முழுவதும் போய்விட்டது. முனுசாமியின் படம் உறை பிரிக்காமல் மேசை மேலேயே கிடந்தது. பக்கத்தைச் சரிபார்த்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல, எல்லோரும் பார்த்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்று காலை கிள்ளானில் அண்ணன் வீட்டு வாசலில் மாலையோடு ஆள் வந்து நின்றது. படத்தைப் பார்த்தார்களே தவிர பெயரை யாரும் படிக்கவில்லை. அண்ணன் சாரோங் கைலியோடு மைலோ குடித்துக்கொண்டே கதவைத் திறந்தாராம். வந்தவர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்க்க, “பரவால்ல லா, வெச்சிட்டுப் போங்க. பூ விலை ஏறிக்கிட்டேதான் போகுது” என்றாராம். அவர் மனைவி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு, அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. உயிரோடு இருப்பவரைச் செத்ததாகச் சொன்னால் ஆயுள் கெட்டி என்று சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். பின்னாளில் வாட்ஸ்அப் வந்தபோது, அந்த நாள் வரும்போதெல்லாம் அண்ணனே அந்தப் பத்திரிகை நறுக்கைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, “நான் செத்த நாள். அழுதவர்களுக்கு நன்றி” என்று எழுதுவார். நாங்கள் ஆளாளுக்குக் கிண்டலடிப்போம். கடைசியில், “இன்னும் இருக்கேன் லா, அவசரப்படாதீங்க” என்று அவரிடமிருந்து ஒரு பதில் வரும். அது எங்களுக்கு ஒரு பண்டிகை மாதிரி ஆகிப்போனது.

ஆனால் இந்தக் கதையில் அவர் சிரிக்காத பாதி ஒன்று இருந்தது. தவறு நடந்த அன்றே அவர் ரவாங்குக்குப் போனார். நிர்வாகம் வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. முனுசாமியின் மகன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். “எங்கப்பாவ பேப்பர்ல பார்க்கணும்னு எங்கம்மா விடியறதுக்கு முன்னயே கடை வாசல்ல போய் நின்னாங்க. உங்க மூஞ்சியப் பார்க்கவா?” என்று கேட்டானாம். அண்ணன் பிடியை விடுவிக்கக்கூட முயலவில்லையாம். மறுநாள் சரியான படத்தோடு அறிவிப்பு பெரிதாக வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் முனுசாமியின் திதிக்கு அண்ணன் ரவாங்குக்குப் போனார். ஓராண்டு நானும் கூடப் போனேன். சட்டையைப் பிடித்த அதே மகன், “இவருதான் எங்கப்பா எடத்துல வந்தவரு” என்று உறவினர்களுக்கு அறிமுகப்படுத்தி, இலை போட்டு முதல் வரிசையில் உட்காரவைத்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் வழக்கம்போல் அந்த மாலைக் கதையை எடுத்தேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சிரிப்பெல்லாம் நமக்குத்தான்மா. அந்தம்மாவுக்கு அன்னிக்குப் புருஷன் ரெண்டு தடவ போனாரு.” அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். முதலில் பெயரைப் படி, பிறகு முகத்தைப் பார் என்று அதில் எழுதியிருந்தது. புதிதாக வருபவர்களுக்கு அதை அவர் வாயாலும் ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார்.

பங்காளிச் சண்டையில் எங்கள் நிறுவனம் இரண்டாக உடைந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேசைகளில் பாதி காலியாகி, எதிரே இன்னொரு பத்திரிகை முளைத்தது. கோயில் திருவிழாவில் பார்த்தாலும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத அளவுக்குப் பகை. அந்தச் சமயத்திலும் அண்ணன் எதிர்ப் பத்திரிகைக்குத் தொலைபேசி செய்து, “கோலசிலாங்கூர்ல தவறிப்போன அம்மா படம் உங்களுக்கு வந்துச்சா? இல்லன்னா நான் குடுத்தனுப்புறேன்” என்று கேட்பார். முதலாளி காதுக்கு அது போய், அழைத்து விசாரித்தார். “செத்தவங்களுக்கு ரெண்டு பேப்பர் கிடையாதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வேலையைப் பார்க்க வந்துவிட்டார்.

பிறகு கணினி வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் கண்ணாடிக் கட்டடம் வந்தது. விற்பனை சரிந்து, அச்சு நின்று, இப்போது வெறும் இணையத்தளமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அதன் பொறுப்பாசிரியர் நான். சில மாதங்களுக்கு முன் நிறுவனத்தின் வரலாற்றைத் தொடராக எழுதினேன். நிறுவியவர், ஆசிரியர்கள், அச்சு இயந்திரங்கள், பிளவு என்று எல்லாம் வந்தன. படித்துவிட்டு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். “முதலாளிங்க வரலாற நல்லா எழுதிட்ட. பேப்பர் வரலாற எப்ப எழுதப்போற?” என்று கேட்டார். மரணப் பக்கத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதுகிறேன் அண்ணே என்றேன். எழுதவில்லை. இதோ, அவர் படிக்க முடியாதபோது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் இறந்த அன்றைக்கு வருகிறேன். என் கிண்டலுக்குப் பதிலே வரவில்லை. நான் அதைக் கவனிக்கவுமில்லை. கூட்டம், வேலை என்று பொழுது போனது. மதியம் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடனே, “என்ன அண்ணே, மேல நெட்வொர்க் கிடைக்குதா?” என்றேன்.

“ஆன்டி, நான் சுமதி பேசறேன்” என்றாள் அவர் மகள். “அப்பா நிஜமாவே போயிட்டாரு ஆன்டி. விடியகாலைல தூக்கத்துலயே. இப்ப எடுக்கப்போறாங்க. நீங்க வரலையா?”

உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. காருக்குள் இருந்துகொண்டு அந்தச் செய்தியை மறுபடி திறந்தேன். ‘வேலாயுதம்’ என்று பெயர் தெளிவாக இருந்தது. எடுக்கும் நேரம் இருந்தது. வீட்டு முகவரி இருந்தது. சொல்லவேண்டிய அனைத்தையும் அந்தப் பெண் அழகாக எழுதியிருந்தாள். நான் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்திருந்தேன். என் பதிலை அழிக்கப் பார்த்தேன். அழித்து என்ன பயன்? எல்லோரும் எப்போதோ படித்துவிட்டிருந்தார்கள்.

நான் கிள்ளானை அடைந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆண்கள் எல்லோரும் மின்சுடலைக்குப் போயிருந்தார்கள். பழைய பத்திரிகைக்காரர்கள் ஒருவர்கூட நேரத்துக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்தது. எல்லோரையும் தடுத்து நிறுத்தியது என் சிரிப்புதான்.

சுமதி உள்ளே ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா எப்பவோ சொல்லி வெச்சிருந்தாரு ஆன்டி, தனக்கு ஒண்ணுன்னா அந்தப் படத்ததான் போடணும்னு. அதான் போட்டேன்” என்றாள். “நீங்கெல்லாம் சிரிச்சீங்களா, எனக்கு ஒரு நிமிஷம் அப்பா உள்ள ரூம்ல இருந்து ‘இன்னும் இருக்கேன் லா’ன்னு பதில் போட்டுடுவாருன்னே தோணிருச்சு. ஃபோன் என் கையிலதான் இருக்கு, யாரு போடுவா? அப்பதான் அழுதேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்குக் கோவம் வரலன்னு பொய் சொல்ல மாட்டேன் ஆன்டி” என்றாள். அவளுக்கும் ஒரே நாளில் தந்தை இரண்டு முறை போனார். இரண்டாவது முறைக்குக் காரணம் நான். ரவாங்கில் அண்ணனின் சட்டையைப் பிடித்தவன் போல அவளும் என்னைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கருமக்கிரியை அறிவிப்பை எங்கள் தளத்தில் வெளியிடுவதாகச் சொன்னேன். “அந்தப் படம் மட்டும் வேணாம். பார்த்தா சிரிப்பாங்க. வேற ஒண்ணு தேடி அனுப்புறேன்” என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை நானே செய்தேன். இப்போதெல்லாம் படம் வராத கட்டத்தில் கணினியே ஒரு முகத்தை வைத்துவிடுகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், மனைவி இருப்பாள் என்று தோன்றியது. அவரை எடுத்தேன். வெறும் கட்டத்தை விடவும் மனமில்லை. என் ஊழியர் அட்டையிலிருந்த படத்தை எடுத்து அங்கே வைத்தேன். ‘காலமானார்’ என்ற சொல்லுக்கு மேல் என் முகம் இருந்தது. திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன். தினமும் இதைச் செய்த மனிதருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அன்றுதான் முதன்முறையாக யோசித்தேன். அவர் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் நாங்கள் கிண்டலடித்ததைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

சாயங்காலம் சுமதியிடமிருந்து படம் வந்தது. அதே கட்டம் போட்ட சட்டை, அதே படிந்த தலை. “ஆல்பம் பூரா தேடிட்டேன் ஆன்டி. வேற எதுலயும் அப்பா அப்பா மாதிரி இல்ல. இதையே போடுங்க” என்று எழுதியிருந்தாள்.

என் படத்தை எடுத்துவிட்டு அவரை வைத்தேன். முதலில் பெயரைப் படித்தேன். வேலாயுதம். பிறகு முகத்தைப் பார்த்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான். இனி எங்கள் தளத்தில் எந்த வீட்டிலிருந்து படம் வரத் தாமதமானாலும், அதுவரை அங்கே இருக்கப்போவது என் முகம். அண்ணனின் முகத்துக்கு இனி அந்த வேலை இல்லை. எத்தனையோ பேருடைய பெயருக்கு மேல் உட்கார்ந்து, அவர்கள் வந்ததும் எழுந்து இடம் கொடுத்த படம் அது. இம்முறை அதை எடுத்துவிட்டு வைப்பதற்கு வேறு படம் வரவில்லை.