பதினெட்டு நிமிடம்

எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் 'பதினெட்டு' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர, பாலத்து நெரிசலில் எவ்வளவு நேரம் ஆனாலும் பதிவேட்டில் பதினெட்டு நிமிடம் என்றே எழுதுவார். இருபதைத் தாண்டினால் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதித் தொலைக்க வேண்டும். அவர் மட்டுமா, எல்லா டிரைவர்களும் அப்படித்தான். வண்டியில் நர்ஸாகக் கூடவே போன நானும் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். நான் மட்டும் என்ன யோக்கியமா?

ஒரு நாள் காலை அக்கரையிலிருந்து அழைப்பு வந்தது. சரக்கு வண்டி மோதி ஒரு பெண்ணுக்கு வயிற்றில் அடி, உள்ளே ரத்தக் கசிவு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போதுதான் டிரைவர் அண்ணன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி.

பாலத்தின் நடுவில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றது. முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிடம் எதிரே கண்ணுக்குத் தெரிகிறது. அண்ணன் இறங்கி ஓடி, ஒவ்வொரு கார் கண்ணாடியையும் தட்டிக் கும்பிட்டார். நகர இடமிருந்தால்தானே அவர்களும் நகர்வார்கள்? அண்ணியின் நாடி என் விரலுக்குக் கீழே தேய்ந்துகொண்டே போனது.

"காலைல சாப்பிடாமப் போனாரு. ஏதாவது வாங்கிக் குடுங்க," என்றார் அண்ணி. அதன்பிறகு பேசவில்லை.

ஐம்பத்தொரு நிமிடம் ஆயிற்று போய்ச்சேர. டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கொஞ்ச நேரத்தில், விவரம் தெரியாத குமாஸ்தா ஒருவர் பதிவேட்டை நீட்டினார். அண்ணன் நடைப்பிணமாக நின்றபடியே வாங்கி எழுதிக் கொடுத்தார். பதினெட்டு. கை அதுவாகவே எழுதியிருக்கிறது. நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வேண்டுமென்று டாக்டர்கள் கொடுத்த மனு நகரசபைக் கூட்டத்துக்கு வந்தது. நானும் அண்ணனும் போயிருந்தோம். அதிகாரி எங்கள் பதிவேட்டை விரித்து, பதினெட்டு நிமிடத்தில் வண்டி வந்துவிடுகிற ஊருக்கு ஹெலிகாப்டர் எதற்கு என்று கேட்டார். மனு அங்கேயே செத்தது என்று நினைத்தேன். அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"அது பொய் சார். நாங்க எழுதுன பொய். என் பொண்டாட்டி செத்த அன்னைக்கும் பதினெட்டுன்னுதான் எழுதியிருக்கேன். எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது. நானும் எழுந்து நின்றேன்.

அவருக்கு வேலை போயிற்று. என்னை ஆறு மாதம் வீட்டில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் ஹெலிகாப்டர் வந்தது. முதல் தடவை பறந்தபோது நர்ஸ் நான்தான். அக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்கு ஆறு நிமிடம். ஆள் பிழைத்துக்கொண்டார். கீழே இறங்கி வந்தால், வாசலில் அண்ணன் நிற்கிறார். பதிவேட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த ஆறின்மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நிஜந்தானே சிஸ்டர்?"

"நிஜந்தாண்ணே," என்றேன். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.