பாதி மைதானத்து நடுவர்

கூடைப்பந்தில் நடுவராக நிற்பவர் முதலில் பழக வேண்டியது, பந்தைப் பார்க்காமல் இருப்பது. விசில் ஊதி வசவு வாங்கியவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவர்கள் இருவர். ஒருவர் கூடைக்கு அடியில், இன்னொருவர் பின்னால் நடுக்கோட்டுப் பக்கம். ஆளுக்குப் பாதி. பந்து அடுத்தவர் பாதியில் இருந்தால், நம் கண் நம் பாதியில் நிற்கும் ஆட்கள் மேல் இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் நான் பத்திரிகை நிருபர், மாலையில் நடுவர். கூட ஊதியவர் ஏகாம்பரம், பட்டுத் தறிக்காரர்.

கிழிந்த உதடு

என் முதல் ஆட்டம். கூடைக்கு அடியில் நான். பந்து ஏகாம்பரத்தின் பாதியில் துள்ளிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவன் போல நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாலடி தூரத்தில் தேசூர் ஆட்டக்காரர் ஒருவருக்கு முழங்கையால் இடி விழுந்தது. திரும்பியபோது அவர் உதட்டில் ரத்தம். இடித்தது யாரென்று எனக்குத் தெரியாது. அவர் துண்டால் உதட்டை அழுத்திக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "பந்து அங்க கீது, நீங்களும் அங்கயே பாக்கறீங்க. அப்ப இங்க இன்னாத்துக்கு சார் நிக்கிறீங்க?"

ஐந்தாவது ஃபவுல்

அடுத்த வருஷப் போட்டியில் அரையிறுதி. உள்ளூர் அணியின் கோபாலுக்குச் சாயப் பட்டறையில் வேலை. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வேலூரிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். அதற்காகத்தான் கோபால் இரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரத்தின் பாதியில், அவர் மூக்குக்கு எதிரே, கோபால் எதிரணிக்காரரிடமிருந்து பந்தைத் தட்டினார். ஏகாம்பரம் ஊதவில்லை. முப்பதடி தள்ளி நின்ற நான், கை ஆள் மேல் பட்டதென்று ஊதினேன். கோபாலுக்கு அது ஐந்தாவது ஃபவுல். ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அந்த நாளில், ஃபவுல் செய்தவர் யாரென்று குறிப்பெழுதுகிறவருக்குத் தெரிய, அவரே கையை உயர்த்த வேண்டும். கோபால் தன் கையை ஒரு கணம் பார்த்துவிட்டு உயர்த்தினார்.

உள்ளூர்க் கூட்டம் ஏகாம்பரத்தைச் சூழ்ந்தது. "நாங்க ஊதினதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லோரும் போன பிறகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அந்தச் செவப்புக் கை முழுக்கப் பந்து மேலதாங்க இருந்துது."

உயர்ந்த கை

கோபால் இல்லாமலே அணி எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. வெளியேற்றம் அந்த ஓர் ஆட்டத்துக்குத்தான்; மறுநாள் மாலை கோபால் மறுபடி ஆடினார், வேலூர்க்காரர்கள் இருவரும் இருந்தார்கள். சந்தேகம் என்று ஏதாவது வந்தால் கோபால் பக்கம் கொடுத்துவிடலாம் என்ற நினைப்போடுதான் மைதானத்தில் இறங்கினேன்.

கடைசி நொடிகள். உள்ளூர் அணி ஒரு புள்ளி பின்னால். கோபால் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தார். என் பாதி. மறித்தவர் காலூன்றி அசையாமல் நின்றிருந்தார். கோபால் அவர் மார்பில் மோத, பந்து கூடைக்குள் விழுந்தது. அசையாமல் நிற்பவர் மேல் மோதினால் ஃபவுல் மோதியவருக்குத்தான். சந்தேகம் வரவில்லை. ஊதினேன். சத்தம் அடங்குவதற்குள் அந்தச் சிவப்புக் கை உயர்ந்திருந்தது. கூடை செல்லாது, ஒரு புள்ளியில் தோல்வி.

கூட்டம் மறுபடி ஏகாம்பரத்திடம் போனது.

"நீ நம்மூர் ஆளு, நீயே சொல்லுய்யா. மோதினானா, இல்லியா?"

"நான் பாக்கலீங்க. அது அவரு இடம்."

"ஊரே பாத்துது. நீ இன்னா பண்ணிகினு இருந்தே?"

"என் இடத்தைப் பாத்துகினு இருந்தேன்."

அது உண்மை. அந்த நொடியில் மைதானத்தில் பந்தைப் பார்க்காத ஒரே மனிதர் அவர்தான். வேலூர்க்காரர்களில் ஒருவர் நோட்டோடு என்னிடம் வந்தார்: "நீங்க ஊதி முடிக்கறதுக்குள்ள கை தூக்கினாரே, அவரு முழுப் பேரு இன்னாங்க?"

பல வருஷம் விசில் ஊதி நான் கற்றது பாதி மைதானத்தைப் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான். அதையும் நான் முழுசாகக் கற்றுவிட்டதாக ஏகாம்பரம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.