போதும் என்றால் போகலாம்

எங்கள் கல்லூரி பேண்ட் மாஸ்டர் ஓய்வு பெறுகிறார், பழைய மாணவர்கள் வாத்தியத்தோடு வந்து சேருங்கள் என்று குழுவில் செய்தி வந்தபோது, நான் பேகம்பேட் அலுவலகக் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படித்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் பசி போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது பயம். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனிதரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இனி அவர் கல்லூரிக்கு வரமாட்டார் என்றால், அதைச் சொல்ல எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் மிச்சம்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. அதை விளக்க வேண்டுமானால் சாரின் தமிழிலிருந்து தொடங்க வேண்டும்.

சாருடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. நாலு தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீர். அவர் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் தாராளமாகப் புழங்கும். என் கிளாரினெட்டைக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா, ரீடு மாத்தினியா? ஹவ்வா? அப்புறம் கைக்கு இப்படிக் கீச்சுங்குது?" என்பார். கைக்கு என்றால் ஏன். என் அப்பா ரயில்வேயில் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் திருநெல்வேலி அப்படியே இருந்தது. அதனால் சார் பேசுவது எனக்கு வேடிக்கை. வீட்டுக்குப் போய் அவர் மாதிரியே பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். "வாத்தியாரைப் பழிச்சுக் காட்டாதட்டி" என்று அம்மா சொல்வாள், சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள். எனக்கு அப்போது கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

நாற்பது பேர் கொண்ட பேண்டில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். பயிற்சி நேரத்தில் அவர் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷுமாகத்தான் பேசுவார். வாசிப்பை நிறுத்தச் சொல்லும்போது மட்டும் எங்கிருந்தோ தாய்மொழி வந்துவிடும். வலது கையை உயர்த்தி, விரல்களை மூடி, "போதும்" என்பார். அவர் வாயில், அத்தனை சத்தத்துக்கு நடுவே, அது "போதாம்" என்றுதான் கேட்கும். தெலுங்கில் போதாம் என்றால் போகலாம் என்று அர்த்தம். ஆக அவர் நிற்கச் சொல்வார், பிள்ளைகள் காதில் போகலாம் என்று விழும். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் இதில் மாட்டிக்கொள்வார்கள். பாதி பேண்ட் நிற்கும், பாதி பேண்ட் போய்க்கொண்டே இருக்கும். சார் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிப்பார். பிறகு எல்லாரும் காதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்து நிற்கப் பழகிவிடுவார்கள்.

நான் கடைசி வருஷம் படித்தபோது பேண்டுக்கு மாணவர் தலைவி. அந்த வருஷ ஆண்டுவிழாவில் சார் தானே எழுதிய ஒரு மார்ச் மெட்டை வாசிப்பதாக இருந்தது. அதுவரை அவர் மற்றவர்கள் எழுதியதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இது ஒன்றுதான் அவருடையது. ஒரு வருஷம் உட்கார்ந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் கையாலேயே எழுதியிருந்தார். கிளாரினெட்டுக்கு நடுவில் எட்டு வரி தனியாக வரும். அதை எழுதும்போது என்னைக் கூப்பிட்டு, "இந்த எடத்துல மூச்சு பத்துதா பாரு" என்று கேட்டுக் கேட்டு மாற்றினார். அன்றைக்கு அவர் மனைவியும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

விழாவின் தொடக்கத்தில் எங்களுக்கு வேறொரு வேலை இருந்தது. சிறப்பு விருந்தினர் வாசலில் இறங்கி மேடைக்கு வந்து சேரும்வரை ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அவர் தன் நாற்காலிக்கு வந்ததும் சார் நிறுத்துவார். அடுத்து, அந்த வருஷம் காலமாகிவிட்ட எங்கள் கல்லூரித் தாளாளருக்காக ஒரு நிமிஷ மௌனம்.

பரீட்சையைக் காட்டி ட்ரம்பெட்டில் மூன்று பேர் விலகிக்கொண்டதால், கடைசி வாரத்தில் மூன்று முதலாண்டுப் பெண்களைச் சேர்த்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோது அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, சார் மத்தியில போதாம் அண்ட்டுண்டு கதா, எக்கடிக்கி?" என்று கேட்டாள். நடுவில் சார் போகலாம் என்கிறாரே, எங்கே போக வேண்டும் என்று. பாவம், நிஜமாகவே சந்தேகம். நான் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, எங்கேயும் இல்லை, அடுத்த சுற்றுக்குத்தான் போக வேண்டும், சார் போதாம் என்றால் நிறுத்தாமல் இன்னும் சத்தமாக ஊத வேண்டும், கையை மூடினால் இன்னும் அழுத்தி ஊத வேண்டும் என்றேன். மூன்று பேரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள்.

கொஞ்சம் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லாரும் ஓடினோம். ஓடுகிற அவசரத்தில் தொப்பியைச் சரிசெய்தேன், ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டேன், அந்தப் பெண்களிடம் சொன்னதை மறந்தேபோனேன்.

விருந்தினர் வந்தார். மேடை ஏறினார். நாற்காலி அருகே நின்று தலையைக் குனிந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த சார், எங்கள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி மூடி, "போதும்" என்றார். நான் நின்றேன். ட்ரம்பெட்கள் முழங்கின. அவை முழங்கியதும், நிறுத்தப்போன மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்து திரும்ப வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சார் திரும்பி, "போதும், போதும்" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த ட்ரம்பெட் சத்தம் ஏறியது. மேடையில் எல்லாரும் தலைகுனிந்து நிற்க, அந்த ஒரு நிமிஷ மௌனம் முழுக்கக் கல்யாண ஊர்வலம் மாதிரி போனது. அரங்கத்தில் பின்வரிசை சிரித்தது. பிறகு எல்லா வரிசையும் சிரித்தது. கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது பேரில் நான் ஒருத்தி மட்டும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாருடைய மார்ச்சை அங்கேயே நிகழ்ச்சி நிரலிலிருந்து அடித்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய் அந்தத் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. தலைவி என்பதால் நானும் நின்றேன், ட்ரம்பெட் பெண்கள் மூவரும் நின்றார்கள். மாணவர்களுக்குப் புரிகிற பாஷையில் ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தெரியாதா என்று முதல்வர் சாரைக் கேட்டார். தப்பெல்லாம் என் நாக்குடையதுதான், பிள்ளைகள் மேல் ஒன்றும் இல்லை என்று சார் சொன்னார். என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்காமல் திரும்பவும் குனிந்துகொண்டாள். முதல்வர் என் பக்கம் திரும்பி, இவர் சொல்வது சரிதானா என்றார். எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஞாபகம் வந்தது, அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. "யெஸ் சார்" என்றேன். சும்மா இருந்திருந்தால்கூட இத்தனை காலம் என்னைத் தின்றிருக்காது. ஆமாம் என்று வேறு சொன்னேன்.

இனி பயிற்சியில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கூடாது என்று அவருக்கு உத்தரவானது. வெளியே தாழ்வாரத்தில் அவர் என்னிடம், "எல்லாம் போயிக்கினே இருந்துச்சு. நீ ஒருத்திதாம்மா நின்னே" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ட்ரம்பெட் பெண் அடுத்த வாரத்திலிருந்து பேண்டுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு படிப்பு முடிந்தது, வேலை, கல்யாணம், மகள். இந்த ஊரிலேயேதான் இருக்கிறேன். கல்லூரி வழியாகப் போக வேண்டி வந்தால் ஆட்டோக்காரரிடம் வேறு வழி சொல்வேன். ஆனால் அந்தச் சொல் மட்டும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மகளுக்கு நான் தமிழில் பேசினால் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். சாதம் போட்டுவிட்டு "போதுமா?" என்று கேட்டால், வேண்டுமென்றே தட்டைத் தள்ளி எழுந்து, "போதாம் மம்மி, எக்கடிக்கி?" என்பாள். அவளுக்கு அது விளையாட்டு. ஒருநாள் காரணமில்லாமல் அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

சாரை வழியனுப்பும் கச்சேரி நாளன்று மதியமே ஒத்திகைக்குப் போனேன். பரணிலிருந்து இறக்கிய கிளாரினெட்டை இரண்டு வாரம் வீட்டில் ஊதிப் பார்த்ததில், மேல்வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். பழைய மாணவர்கள் பதினைந்து பேர் வந்திருந்தோம், மற்றவர்கள் இப்போது படிக்கிற பிள்ளைகள். சார் நன்றாக மெலிந்துவிட்டார், சட்டை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தலையை ஆட்டினார். பேசவில்லை.

ஒத்திகையிலும் அவர் பேசவில்லை. கையை உயர்த்துவார், தொடங்குவோம். கையை மூடுவார், நிற்போம். தப்பு நேர்ந்தால் அருகில் வந்து தாளில் பென்சிலால் தட்டுவார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வருஷப் பெண்ணிடம், சாருக்குத் தொண்டை சரியில்லையா என்று தெலுங்கில் கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். சார் எப்போதும் இப்படித்தான், வாத்தியத்தைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வாயே திறக்க மாட்டார், அதுதான் அவர் ஸ்டைல் என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

நான் கிளாரினெட்டை மடியில் இறக்கி வைத்தேன். இங்கிலீஷில் பேசச் சொன்னதற்கு அவர் பேச்சையே விட்டிருக்கிறார். ஹவ்வும் நக்கோவுமாக, ஒவ்வொரு ஆளையும் வம்புக்கு இழுத்து அந்தப் பயிற்சிக் கொட்டகையைக் கலகலப்பாக வைத்திருந்த மனிதர் அவர். அந்தக் குரலை இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் கேட்டதில்லை.

கடைசியில் அவர் பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தார். ஓரம் பழுத்திருந்தது, எழுத்து அதே எழுத்து. மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு முதல் கிளாரினெட்டுக்கானதை என் ஸ்டாண்டில் வைத்தார். நடுவில் வரும் எட்டு வரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அவர் மனைவி இல்லை, தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மார்ச் நன்றாகவே வந்தது. நான் அந்த எட்டு வரியை எங்கும் மூச்சு முட்டாமல் வாசித்தேன். வாசிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்காகவும் என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் கேட்டிருக்க வேண்டிய மெட்டு அது. என் ஒரு நிமிஷ வாய்க்கொழுப்பால் கேட்காமலே போய்விட்டார்.

முடிந்ததும் மாலை, சால்வை, பேச்சு. சாரைப் பேசச் சொல்லி வற்புறுத்தினார்கள். அவர் இங்கிலீஷில் நாலு வாக்கியம் பேசினார். அதில் ஒன்று, ஒருநாள் இந்த மேடையில் பேண்ட் முழுக்க என்னைக் கைவிட்டபோது ஒரே ஒரு பெண் மட்டும் என் சொல்லைக் கேட்டு நின்றாள், அவளை நினைத்துத்தான் அடுத்த நாள் திரும்பவும் வேலைக்கு வந்தேன் என்பது. என் பக்கம் கையைக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

மேடைக்குப் பின்னால், அந்தப் பெண்களிடம் நான் விளையாடிய அதே இடத்தில், அவரைப் பிடித்தேன். கையில் சால்வைகளையும் பூச்செண்டுகளையும் வைத்துக்கொண்டு நாலைந்து மாணவர்கள் சுற்றி நின்றார்கள். வாசலில் கார் காத்திருந்தது.

"சார், அன்னிக்கு நான் நின்னதுல பெருமை ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "அதுக்கு நான் லாயக்கே இல்ல. அன்னிக்கு அந்தப் புள்ளைங்க கிட்ட..." அதற்கு மேல் சொல்லவிடாமல் அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பவும், "நான்தான் சார்..." என்று தொடங்கினேன்.

அவருக்கு அது தன்னடக்கம் என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. "இன்னாம்மா இது, சின்னப் புள்ள மாதிரி" என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தமிழைக் கேட்டேன். "அழக்கூடாது, நக்கோ" என்றார். பிறகு வலது கையை உயர்த்தி, விரல்களை மூடி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "போதும்மா, போதும்."

பின்னால் நின்ற மாணவர்களில் ஒருத்தி, "சார் போதாம் அண்ட்டுண்டு" என்றாள். உடனே எல்லாரும் சால்வைகளையும் பூச்செண்டுகளையும் அணைத்துக்கொண்டு, அவர் தோளில் கைபோட்டு, காரை நோக்கி அவரை அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி ஒருமுறை கையசைத்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த நான் மட்டும் அங்கேயே நின்றேன்.