பெரிய துளை கீழே

செம்மண்டலத்தில் எங்கள் தந்தையார் கட்டிய வீட்டின் கீழ்த்திசை அறையில், மூன்று துளைகள் கொண்ட பிளக் பாயின்ட் ஒன்று அண்மைக்காலம் வரை தலைகீழாகவே இருந்தது. மூன்றனுள் பெரியது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுசேர்க்கும் எர்த் கம்பிக்கு உரிய துளை. பிறர் வீடுகளில் அது மேலே இருக்கும். எங்கள் வீட்டில் கீழே இருந்தது. அதற்கு நேர்மேலே சுவரில் ஓர் ஆணி, எதுவும் மாட்டப்படாமல். சென்ற மாதம் பழைய ஒயர்களை மாற்ற ஆள் வந்தபோது, நானும் என் தமக்கையும் அச்சுவரின் முன் நின்றிருந்தோம்.

தந்தையார் மஞ்சக்குப்பத்தில் நில அளவையராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அவ்வீடு எழுந்தது. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவின் தலைப்பிரசவத்துக்கென்றே அந்த அறையை அவர் கட்டினார். தொட்டில் தொங்கவிருக்கும் இடத்தில் காலை வெயில் விழவேண்டும் என்பதற்காக, எழுப்பிய சுவரை இடித்துச் சன்னலைத் தள்ளி வைக்கச் செய்தார். பெரிய துளை எப்பக்கம் இருக்கவேண்டும் என்பதையும் ஒயர்மேனுக்கு அவரே சொன்னார்.

புதுமனை புகுவிழாவுக்கு அக்காவின் கணவர் மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். சிதம்பரத்தில் பௌதிக ஆசிரியர். எதையும் சரிபார்த்த பின்னரே ஒப்புக்கொள்பவர். பெட்டியின் பிளக்கை அவர் செருகியபோது, கீழ்நோக்கித் தொங்கவேண்டிய ஒயர் மேல்நோக்கி விறைத்து நின்று, பின் மடிந்து சாய்ந்து, பிளக்கைப் பாதி வெளியே இழுத்துவிட்டது. ஆணியில் அன்று நடராசர் படம் போட்ட காலண்டர் தொங்கியது. அதன் தலைப்பில் தகரப் பட்டை.

"மாமா, இது தலைகீழா இருக்கு. பெரிய ஓட்ட மேல வரணும்" என்றார் மைத்துனர்.

"எர்த்துன்னா மண்ணுதான மாப்ள? மண்ணு கீழதான கெடக்குது? ஆயுசு பூரா மண்ண அளந்தவன்கிட்ட வந்து, அது மேல இருக்குன்றீங்களே" என்றார் தந்தையார். பந்திக்குக் காத்திருந்த உறவினர் சிரித்தனர்.

"அதுக்கில்ல மாமா. பிளக்கு இப்டி பாதி வெளிய நிக்கறப்ப காலண்டர் அறுந்து விழுந்தா, அந்தத் தகரம் கரண்டு கம்பி மேலயே விழும். பெரிய ஓட்ட மேல இருந்தா எர்த்துல பட்டுடும், ஆபத்தில்ல."

"அவரு உங்க ஊரு நடராசரு. ஒத்தக் கால்ல நின்னே விழாதவரு, ஆணியிலேர்ந்தா விழப்போறாரு?"

பெரியப்பா தம் பங்குக்கு, "பேசாம வூட்டையே திருப்பி வச்சிடலாம் மாப்ள" என்றார். கூடமே குலுங்கியது. மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை, உண்ணாமலே வண்டியேறினார்.

அக்கா கருவுற்று, வளைகாப்புக்குப் பின் அவளை அழைத்துவர நான் சிதம்பரம் சென்றேன். பெட்டி கட்டி, பூ முடித்து, அவள் ஆயத்தமாகவே இருந்தாள். மைத்துனர் என்னைத் தனியே அழைத்தார். "மச்சான், எனக்கு ரோசம் ஒண்ணுமில்ல. கொழந்த துணியெல்லாம் அந்த ரூம்லதான் தேய்ப்பா. அந்த ஆபத்து போனாத்தான் அனுப்புவேன்னு மாமாகிட்ட சொல்லு" என்றார். ரோசம் இல்லாமலில்லை. ஆயினும் அவருடைய அச்சமும் மெய்யானதே. நான் வந்து சொன்னதைத் தந்தையார் கண்மூடிக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அக்கா சிதம்பரத்திலேயே பிள்ளை பெற்றாள். எங்கள் அன்னையார் சென்று, சம்பந்தியின் சமையலறையில் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எடுத்து, மகளுக்குப் பத்தியம் சமைத்தார். முதல் பேரனைத் தந்தையார் கண்டது, அவன் நடக்கத் தொடங்கிய பிறகு, யாருடைய திருமணத்திலோ. வெயில் விழவென்று சன்னல் வைத்த அறையில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன.

அறுபதுகளின் இறுதியில் தந்தையார் காலமானபோதுதான் மைத்துனர் மீண்டும் அவ்வீட்டுக்குள் வந்தார். சடங்குகள் முடிந்தபின் அறைக்குள் சென்றவர் வெகுநேரம் வெளிவராததால் நானும் உள்ளே சென்றேன். பிளக் பாயின்ட் பழையபடியே இருந்தது. ஆணிதான் வெறுமையாக இருந்தது. "இங்கிருந்த காலண்டர் எங்க மச்சான்?" என்றார். அது கூடத்துச் சுவருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லோரும் பார்க்க வசதியென்று மாற்றியதாகவே நானும் எண்ணியிருந்தேன்.

அறை மூலையில் அமர்ந்திருந்த அன்னையார், முகம் திருப்பாமலே மைத்துனருக்கு விடை சொன்னார். "நீங்க சொல்லி அனுப்புன மறுநாளே கழட்டிட்டாரு. மாப்ள சொன்னதுலயும் நாயம் இருக்குன்னாரு. ஆள் அனுப்பிச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், நீயும் சொல்லாத, வந்தா அவரே பாத்துக்குவாருன்னுட்டாரு."

மைத்துனர் நெல் மூட்டையின் மேல் அமர்ந்துவிட்டார். ஊரார் முன் தாம் சிரிப்புக்கிடமாக்கிய மருமகனிடம் தோற்றதாகச் சொல்லத் தந்தையாருக்கு நா எழவில்லை. துளையைத் திருப்பினால் ஊரறியும், காலண்டரை இடம் மாற்றினால் அறிய வேண்டியவர் மட்டும் அறிவார் என்று கருதினார் போலும். அறிய வேண்டியவரோ, சொல்லி அழைக்காத வீட்டுக்கு வருவதில்லை என்றிருந்தார். இருவருக்கும் இடையே ஒரு மணி நேர இரயில் பயணம்தான்.

இப்போது மைத்துனரும் இல்லை. புதிய பிளக் பாயின்டைப் பெரிய துளை மேலே வருமாறு பொருத்திய ஒயர்மேன், குறடால் அந்த ஆணியைப் பற்றினார். "இத புடுங்கிட்டு பட்டி வச்சி அடச்சிடட்டுமாம்மா?"

"வேணாம்பா, இருக்கட்டும்" என்றாள் அக்கா.

"எதுனா மாட்டப் போறீங்களா?"

அக்கா தன் விரல் நுனியால் ஆணியின் தலையைத் தொட்டாள்.

"மாட்டறதுக்கு இல்லப்பா. எங்கப்பா கழட்டுனதுக்கு."