சலாமுக்கு விட்ட இடைவெளி

மெல்போர்னுக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த ஊர்க்காரர்களின் தொலைபேசிப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. பதில் சொல்ல நான் இரண்டு விநாடி யோசித்தால் போதும், "ஹலோ, ஆர் யூ தேர்?" என்று பதறிவிடுகிறார்கள். இருக்கிறேன் தாயே, எங்கே போய்விடப் போகிறேன்! மௌனம் என்றால் இவர்களுக்கு அப்படியொரு பயம். அந்தப் பயம் என் வீடியோ கேசட்டிலும் கைவைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் கணவருக்கு அறுபது வயது நிறைகிறது என்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பெட்டியின் அடியில் கிடந்த பழைய காம்கார்டர் கேசட்டை டிவிடியாக்கி அசத்திவிடலாம் என்ற எண்ணம் எனக்கு வியாழக்கிழமைதான் வந்தது. ரயிலடிக் கடையில் கிரெக் என்பவர் இருந்தார். முழுதாக ஓட்டிப் பதிய இரண்டு வாரம் ஆகும், வரிசை நீளம் என்றார். எக்ஸ்பிரஸ் என்றால் நாளை மாலையே கிடைக்கும், வெற்றிடங்களைக் கம்ப்யூட்டரே கழித்துவிடும் என்றும் சொன்னார். என் காதில் விழுந்தது 'நாளை மாலை' மட்டும்தான். "எக்ஸ்பிரஸ்!" என்றேன்.

அந்தக் கேசட் எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷத்தது. நான் மன்னார்குடியில், அவர் துபாயில். அவருடைய அறையில் தங்கியிருந்த ஹாஜா விடுப்பில் வந்தபோது காம்கார்டரோடு வந்து, கூட்டாளிகளின் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார். "போன்ல பேசுற மாதிரி பேசுங்க லாத்தா. நான் கொண்டுபோயி மச்சானுக்குப் போட்டுக் காட்டுறேன்" என்று என்னை அக்காவாக்கிச் சொன்னார். நான் அப்படியே செய்தேன். சலாம் சொன்னேன். சலாமுக்குப் பதில் வரவேண்டும் அல்லவா, அதற்கு இடம் விட்டேன். நலம் கேட்டேன், அதற்கும் இடம் விட்டேன். சம்பா நடவு முடிந்ததைச் சொல்லி, அவர் 'ம்' கொட்டவும் நேரம் கொடுத்தேன். ஹாஜா சிரிப்பை அடக்கிய அடக்கில் படமே குலுங்கியது. கடைசியில் மாமியார் அடுப்படிக்குள் போன சமயம் பார்த்து, "அடுத்த நோன்புக்காச்சும் வந்துருவீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் நின்றேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் கடிதத்தில் பதில் வந்தது. இதற்கு மட்டும் வரவில்லை. அந்த நோன்புக்கு அவரும் வரவில்லை. பிறகு ஊர் திரும்பியபோது கேசட்டையும் கொண்டுவந்தார், ஆனால் போட்டுப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. நானும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை.

வெள்ளி மாலை டிவிடியைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். திரையில் என்னைப் போல ஒருத்தி, "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான் நல்லா இருக்கீங்களா சம்பா நடவு முடிஞ்சிருச்சு" என்று பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நோன்புக்கு வருவீர்களா என்று கேட்ட மறுகணமே திரை இருண்டுவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றேன். "இதில் பேச்சு குறைகிறது" என்றேன் என் ஆங்கிலத்தில்.

"ஒரு சொல்கூடக் குறையாது. யாரும் பேசாத இடங்களைத்தான் எடுத்தேன்."

"அங்கே என் கணவர் பேசுகிறார்."

கிரெக் திரையை உற்றுப் பார்த்தார். "அவர் எங்கே நிற்கிறார்?"

"துபாயில்."

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழுதாக ஓட்ட வரிசை இரண்டு வாரம் என்றார், நான் நகரவில்லை. கேசட்டின் நாடா ஓரங்களில் கசங்கியிருக்கிறது, இன்னொரு முறை ஓட்டினால் அறுந்துபோகலாம், பிறகு உள்ளதும் இருக்காது என்று எச்சரித்தார். ஆனாலும், "அறுந்தால் என் பொறுப்பு, முழுதாக ஓட்டுங்கள்" என்று சொல்லி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மௌனத்துக்கும் விரலை உயர்த்தி, "இப்போது அவர் பேசுகிறார்" என்று அறிவித்தேன். மூன்றாவது முறை கிரெக் எழுந்துபோய்த் தன் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தார். கடைசிக் கேள்வியின்போது படத்தில் கோடு கோடாக விழுந்தது. நாடா அறுபடவில்லை.

ஞாயிறு மதியம் பிரியாணி முடித்து எல்லாரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். திரையில் நான் சலாம் சொன்னதும் பக்கத்திலிருந்து, "வ அலைக்கும் ஸலாம்" என்று குரல் வந்தது.

"அத்தா, யார்கிட்டப் பேசுறீங்க?" என்று மகள் சிரித்தாள்.

"உங்கம்மாட்டத்தான். துபாய்லயும் இப்படித்தான் சொன்னேன். ரூம்ல எட்டுப் பேரும் சிரிச்சாங்க."

நலம் கேட்டதற்கு நல்லா இருக்கேன் என்றார். நடவுக்கு 'ம்' கொட்டினார். நான் விட்ட இடங்களில் எல்லாம் அவர் பேச்சு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"மொதலாளி லீவு தரலம்மா" என்றார் அவர். "எழுதுனா அழுவியேன்னுதான் எழுதல. வந்துர்றேன்."

நான் அவர் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னார்குடியில் நின்றவளைப் பார்த்தே சொன்னார். அவளும் ஒன்றும் பேசாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.