காவிக்கு அடியில்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சல் என்று யார் வந்தாலும் நர்ஸ் ஹெலன் சிஸ்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்விடுவார். அக்குள், மார்புக்கு அடி, இடுப்பு, தொடையிடுக்கு என்று ஓர் இடம் விடமாட்டார். அவர் தேடுவது பீடியால் சுட்டதுபோன்ற ஒரு கருப்புப் பொருக்கு. புதரிலும் வரப்பிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்த இடம் அது. வலிக்காது, அதனால் கடிபட்டவருக்கே தெரியாது. அந்தக் கடியால் வரும் காய்ச்சல்தான் ஸ்க்ரப் டைஃபஸ். சீக்கிரம் பார்த்துவிட்டால் சாதாரண மாத்திரையில் தீரும்; விட்டால் உயிருக்கே ஆபத்து.

"காச்சலுக்கு வந்தா இன்னாத்துக்கு பொடவைய அவுக்க சொல்ற?" என்று சண்டைக்கு வருவார்கள். தனியார் கிளினிக்குகளில் சட்டையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். "அவங்களுக்கு கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று சிஸ்டர் என்னிடம் வந்து கத்துவார். லேப் டெக்னீஷியனான நான்தான் அதற்கும் ஆள்.

ஆரம்பாக்கம் பச்சையம்மா ஒரு திங்கட்கிழமை வந்தாள். நடவுக்குப் போகிறவள், ஏழு நாளாகக் காய்ச்சல். மலேரியா இல்லை, டெங்கு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் பார்த்தபோது இடுப்பில் செங்காவி அப்பியிருந்தது.

"அக்கின்னு குயவரு எழுதுனாரு சிஸ்டர். தானா உதிர்ற வரைக்கும் தொடக்கூடாது" என்றார் கணவர் இராமலிங்கம்.

சிஸ்டர் தொடவில்லை. அக்கிக் கொப்புளத்தின்மேல் குயவர் காவியால் எழுதிவிட்டால் அதைத் தொட நம் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பயம், படித்தவர்களுக்கும்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை அவளை மூச்சுத்திணறலோடு ஆட்டோவில் தூக்கிவந்தார்கள்.

"அங்க எரியுதாம்மா?" என்று சிஸ்டர் காவியைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல. எப்பவுமே எரியல."

அக்கி என்றால் நெருப்பாய் எரியும். இராமலிங்கம் தடுக்கத் தடுக்க, சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தார். காவிக்கு அடியில் கருப்பாகப் பொருக்கு இருந்தது. டாக்டர் உடனே மருந்தை ஆரம்பித்தார். ஆம்புலன்ஸில் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பதினோரு நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பச்சையம்மா பிழைத்தாள்.

ஒரு மாதம் கழித்து இராமலிங்கம் வந்து கைகூப்பினார். "நீங்கதான் சிஸ்டர் கண்டுபுடிச்சீங்க. எங்க ஊட்டுக்கே சாமி மாதிரி."

"கைய எறக்குப்பா." என்றார் சிஸ்டர். "திங்கக்கெழமையே அது என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. நான்தான் தொடைச்சுப் பாக்காம உட்டுட்டேன்."

இராமலிங்கம் கைகளை இறக்கினார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.