அரைக்கண் தூக்கம்

என் வீட்டுக்காரர் ஒரு வாயில்லாப் பூச்சி என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பெருமைக்குச் சொன்னதில்லை, வயிற்றெரிச்சலில் சொன்னது. மனுஷர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மூலக்குளம் பக்கம் காலையில் பிள்ளைகளை ஏற்றி, சாயங்காலம் இறக்கிவிடும் வேலை. வேன் பஞ்சராகி நடுரோட்டில் நின்றால்கூட எனக்கு அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியவரும். எதிர்வீட்டுக்காரரும் இவரோடு வேன் ஓட்டியவர்தான். எழுதிப்போட்டு அரசாங்க டிரைவர் ஆகிவிட்டார். "அவருக்கு இருக்கிற சமத்து உனக்கு ஏன்யா இல்ல? ஒரு தடவையாவது முயற்சி பண்ணியா?" என்று மாதம் ஒரு முறையாவது கேட்டுவிடுவேன். வெளியில் 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் எனக்கு மரியாதை பறந்துவிடும். அவர் பதில் சொல்லமாட்டார். துணியை எடுத்துக்கொண்டு வேனைத் துடைக்கப் போய்விடுவார்.

எனக்கு வேலை ஒரு ஜெராக்ஸ் கடையில். பத்திரம், விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுப்பேன். எங்கள் ஊரில் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து, பூட்டிய கடை முன்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கோ அந்த மூன்று மணி நேரம்தான் சொர்க்கம். முத்தியால்பேட்டையில் இருக்கும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஹாலில் பாய் விரித்து, ஃபேனை ஐந்தில் வைத்து அதற்கு நேர் கீழே விழுந்தேன் என்றால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவேன். அந்த நேரத்தில் வேனுக்கும் வேலை கிடையாது. அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் எரிச்சல் ஆரம்பித்தது. தூங்கி எழுந்தால் மண்ணை வாரிப் போட்டதுபோல உறுத்தும். கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனால் எழுத்து மங்கும். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். பத்திரம் அடிக்க வந்த ஒரு பெரியவர், "என்னம்மா, என் நிலம் கைமாறுறதுக்கு நீ ஏன் அழற?" என்று கேட்டார். மெடிக்கல் ஷாப்பில் போய், சிவந்த கண்ணுக்கு என்று ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். போட்டதும் வெளுக்கும், மறுநாள் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். ஒரு சர்வே நம்பரில் மூன்றை எட்டு என்று அடித்துவைத்து, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. கண் போனால் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? "கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம், கிளம்பு" என்று இவர் சொன்னார். அதிசயமாக ஒரு வாக்கியம் முழுசாகப் பேசினார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி, எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார். பிறகு மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "கண்ணு காஞ்சுபோயிருக்கும்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், குடம் குடமா ஊத்துது. காஞ்சுபோச்சுன்றீங்களே?"

"காஞ்சு எரியுதுன்னுதான் கண்ணு அவசர அவசரமா தண்ணிய வுடுது. நல்ல கண்ணீர்ல மேல ஒரு எண்ணெப் பசை இருக்கும். அதான் தண்ணியக் காயவிடாம காப்பாத்தும். உங்களுக்கு அந்த எண்ணெ வர்ற துவாரம் இமை ஓரத்துல அடைச்சிருக்கு. கம்ப்யூட்டரப் பாக்கறப்ப கண்ணச் சிமிட்டவும் மறந்துடறோம். அந்தச் சிவப்புக்குப் போடற மருந்த இன்னியோட தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அப்புறம் மறுபடியும் அந்த வெளிச்சத்தில் பார்த்துவிட்டு யோசித்தார். "கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு பட்டை மாதிரி அதிகமா காஞ்சிருக்கே. தூங்கறப்ப கண்ணு முழுசா மூடுதா?"

தூங்குகிறவளைக் கேட்டால் எப்படித் தெரியும்? நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ராத்திரி லைட்ட அணைச்சிடுவோம், தெரியாது மேடம்" என்றார் இவர். "மத்தியானத்துல இவ தூங்கவே மாட்டா. பாதிக் கண்ணத் தொறந்துகிட்டு சும்மா படுத்திருப்பா. நான் ஏதாவது பேசிட்டிருப்பேன், கேட்டுகிட்டே இருப்பா."

"இன்னாது? நான் நல்லா தூங்கிடுவேனே!" என்றேன்.

"தூங்கிடுவியா?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கியது நன்றாகத் தெரிந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு வேளை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காலையும் மாலையும் இமைக்கு ஒத்தடம். ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் முன்னால் ஞாபகமாகக் கண்ணைச் சிமிட்டவேண்டும். தூங்கப் போகும்போது ஜெல் போட்டு, கண்ணை மூடி, இமைமேல் காகித பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளவேண்டும். இவ்வளவையும் நான் காதில் வாங்கினேனா என்பதே சந்தேகம். இந்த மனுஷர் பேசுவாராமே! இத்தனை வருஷமாக, தினமும் பேசியிருக்கிறாராமே! என்ன பேசினார்? ஆஸ்பத்திரி வாசலில் பைக்கில் ஏறும்போதே பிடித்துக்கொண்டேன்.

"இத்தினி நாளு இன்னா சொன்னீங்க எங்கிட்ட?"

"அதெல்லாம் ஞாபகமா இருக்கு? வுடு."

"வுடமாட்டேன்."

"சொன்னதையே எத்தினி வாட்டி சொல்றது?"

"நான் ஒரு வாட்டிகூட கேக்கலையே!"

கடற்காற்று முகத்தில் அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் முதுகில் சாய்ந்து வந்தேன்.

மறுநாளிலிருந்து பாயை ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் ஜன்னல் ஓரம் தள்ளிப் போட்டோம். ஜெல்லும் பிளாஸ்திரியும் அவர் வேலை. ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். ஆனாலும் இமைமேல் அந்தக் காகிதத்தை ஒட்டும்போது பூவைத் தொடுவதுபோலத்தான் தொடுவார். ஒட்டி முடித்ததும் மௌனமாகிவிடுவார். நான் இருட்டில் காத்துக் கிடப்பேன். மூன்றாம் நாள் பொறுமை போய், "பேசுயா!" என்றேன்.

"இப்ப நீ தூங்கறியா முழிச்சிருக்கியான்னே தெரியலையே. யாருகிட்டப் பேசறது?"

"நான் உம் கொட்டறேன். உம் நின்னா தூங்கிட்டேன்னு வெச்சுக்க. அதோட நிறுத்திடணும். நான் இல்லாதப்ப ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சரி" என்றார்.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்ததெல்லாம் சும்மா சொல்லக் கூடாது, விருந்துதான். வேனில் வரும் ஒரு பொடிசு தினமும் தன் இட்லியை இவருக்கு ஊட்டிவிட்டுத்தான் இறங்குமாம். குருசுக்குப்பத்தில் கரைவலை இழுப்பதை வேனிலிருந்தே பார்க்கப் பிள்ளைகள் கத்துமாம், அதற்காகவே இவர் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போவாராம். எங்கள் மகள் நர்சிங் படிக்கக் கதிர்காமம் ஹாஸ்டலுக்குப் போன அன்று, வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதாராம். "அடப்பாவி, அன்னிக்கு கல்லு மாதிரி நின்னியே" என்றேன். "உங்கிட்டதான் மத்தியானம் சொன்னேனே" என்றார். கண் எரிச்சலும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. கடையில் கம்ப்யூட்டர் ஓரத்தில் 'சிமிட்டு' என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் யாருக்கு என்று கேட்கிறார்கள்.

அப்படி ஒரு மத்தியானம், பேச்சுவாக்கில், "காரைக்கால் ஆர்டர் வந்தப்பகூட..." என்று ஆரம்பித்தார்.

"இன்னா ஆர்டர்?"

"அதான், அரசாங்க டிரைவர் வேல. எதிர்வீட்டுக்காரரோட நானும்தான் எழுதிப்போட்டேன். அவருக்கு இங்கியே போட்டாங்க, எனக்குக் காரைக்கால்ல. பாப்பா அப்ப மூணாவது படிச்சுது. போலாமான்னு உங்கிட்ட கேட்டேன். நீ ஒண்ணுமே சொல்லாம முறைச்சுப் பாத்தே. சரி, இவளுக்கு இஷ்டமில்லன்னு லெட்டர கிழிச்சுப் போட்டுட்டேன்."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிளாஸ்திரியைப் பிய்த்தேன். இமை முடி நாலு கூடவே வந்தது.

"யோவ்! மாசாமாசம் திட்டினேனே, முயற்சியே பண்ணாதவன்னு! அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீயே வேணாம்னுட்டே, அப்புறம் நீயே திட்டறே. ஏதோ மனசு ஆறலைன்னு நெனச்சுகிட்டு வுட்டுட்டேன்."

எனக்கு அவரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எதிர்வீட்டைக் காட்டிக் காட்டி நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என்னையே சுட்டது. அதையெல்லாம் வாங்கிக்கொண்டு வேனைத் துடைக்கப் போயிருக்கிறாரே! வெட்கமாக இருந்தது.

"படு, ஜெல்லு கலைஞ்சுபோச்சு" என்றார். படுத்தேன். மறுபடி ஜெல் போட்டு, இமையை மூடி, புதுத் துண்டு கிழித்து ஒட்டினார்.

"நெசமா சொல்லு" என்றார் மெல்ல. "நீ முழிச்சிருந்து நான் கேட்டிருந்தா, வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுக்க அந்த லெட்டரைக் கிழித்த கைக்குப் போய்விடும். நான் யோசித்துப் பார்த்தேன். என் அம்மா வீடு மூன்றாவது தெருவில். என் கடை, என் மத்தியானம், என் ஊர். அன்றைக்கு என்னைக் காரைக்காலுக்குக் கூப்பிட்டிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

"வந்திருக்கமாட்டேன்யா" என்றேன்.

அவர் சிரித்தார். கோபம் துளியும் இல்லாத சிரிப்பு. "அது எனக்கு அன்னிக்கே தெரியும். உன் கண்ணுலியே இருந்துச்சே."

அதற்கு உம் கொட்ட எனக்குக் குரல் வரவில்லை. தூங்கிவிட்டேன் என்று நினைத்து நிறுத்திவிடப் போகிறாரே என்று, கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைக் குனிந்து பார்த்திருக்கவேண்டும். "இன்னாம்மா, பிளாஸ்திரி உரிஞ்சு வருது" என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டப் பார்த்தார். அத்தனை ஈரத்தில் அது எங்கே ஒட்டும்?